பகேரியாப் புல்லின் முதல் வெட்டு

ஒரே ஒரு ஊரிலை ஒரே ஒரு புல்லுத்தரையாம். அதை வெட்ட ஒருத்தனாம், எப்ப வெட்டுறதெண்டு சொல்ல ஊரே இருந்ததாம். தோட்டவேலை என்பது இதுதான். மற்ற வேலைக்குக் கையிருந்தால் போதும். இதற்குக் காது இரண்டும் வேண்டும், பிறகு கேட்டதையெல்லாம் மறக்கவும் வேண்டும். அடுத்தவர் வீட்டுப் புல்லுக்குப் பின்னால் மெசின் தள்ளித் திரிகிற சகோதரங்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்து தலையைச் சொறிவோம், அவ்வளவுதான்.

வசந்தம் எப்ப?

2005 ஆம் ஆண்டு, மாசி மாதம். பலெர்மோ நகரில் ரயிலேற்றி என்னைப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குக் கூட்டிப் போனவர் யோகண்ணை. கிழமை நாளில் பொலிதேயாமா அரங்குப் பக்கம் கந்தோர்க் கட்டிடங்களின் படிகள் துடைப்பார், சனியில் தோட்டம். நாங்கள் போன தோட்டத்து வீட்டுக்காரி, எங்களுக்குச் சின்யோரா; அவவின் பேத்திக்கு வைகாசியில் சேர்ச்சில் முதல் நன்மை விழா. விருந்து மேசைகள் புல்லின்மேல்தான் என்று சின்யோரா முடிவெடுத்திருந்தா. புருசன் வழக்குப் பேசும் அப்புக்காத்து, அவருக்குப் புல்லைக் கண்டாலே ஆகாது. கிளறி எறிந்துவிட்டு டைல்ஸ் பதிப்போம் என்று நின்றார். டைல்ஸ் வந்தால் தோட்டக்காரன் எதற்கு? வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, எதைக் காட்டிப் புதுப்பிப்பது? ஆக, நான் இந்த நாட்டில் இருப்பதும் இல்லாததும் கணுக்கால் உயரப் புல்லில் நின்றது.

"முதல் வெட்டு எப்ப, சின்யோரா?" என்று கேட்டேன். என் குரல் எப்போதும் மெல்லத்தான் வரும்; இரண்டாம் முறையும் கேட்கவேண்டி வந்தது. வசந்தம் வந்த உடனை என்றா. வெளியே பாதாம் மரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவவோ கம்பளிக் கோட்டுக்குள் இருந்தா. நான் மரத்தைக் காட்டினேன். "மரத்துக்கென்ன, அதுக்குத் தடிமன் வராது. சூசையப்பர் திருநாள் போகட்டும்!"

ஒரு நிலவு, இரண்டு கட்சி

பங்குனியில் சூசையப்பர் திருநாளும் போனது. புல்லு முழங்காலைப் பார்த்து ஏறியது. நான் மெசினை வெளியே எடுக்க, பக்கத்து வீட்டு லொறிக்காரன் துரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான். "வளர்பிறையிலை வெட்டுறியோ? நிலவு தேயட்டும். இப்ப வெட்டினால் நாளையிண்டைக்கே திரும்ப நிக்கும்!"

யோகண்ணைக்குக் கோபம் ஏறிவிட்டது. "தேய்பிறையிலை ஆரும் ஒரு வேலையைத் துவங்குவினமோ? பெடியன்ரை முதல் வேலை. வளர்பிறைதான், அதுவும் ராகுகாலம் கழிச்சு!" மதிலுக்கு இருபக்கமும் நின்று, பகல் வெளிச்சத்தில், இருவரும் நிலவுக்காகச் சண்டை பிடித்தார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டது, அதுதான் கரைச்சல். முடிவு வரமுன் மழை வந்தது. மெசினைத் திரும்ப உள்ளே தள்ளும்போது யோகண்ணை சொன்னார்: "நிலவு சரிதான்ரா தம்பி, மேகம்தான் பிழை."

மூலை

அடுத்த சனி நான் ரயிலைத் தவறவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது யோகண்ணை ஒரு மூலையை முடித்துவிட்டு வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஆளுக்கு முற்றத்தில் புல்லு நின்றால் அது ஆளில்லாத வீடு. அந்தப் பழக்கத்தில் மெசின் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கி, மண் தெரிய வழித்து, மிச்சத்தை மண்வெட்டியால் செருக்கி, விளக்குமாற்றால் வரிவரியாகக் கூட்டியும் விட்டிருந்தார். "பாய் விரிச்சுப் படுக்கலாம்," என்றார் பெருமையாக. உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

மாடியிலிருந்து சின்யோரா இறங்கி வந்தா. கூட்டி ஒதுக்கிய அந்த நீள்சதுரத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டா. "இஞ்சை ஆரைப் புதைச்சனீங்கள்?"

பூட்டிக்கொண்ட பிடி

அப்புக்காத்தர் டைல்ஸ் மாதிரிகளைக் கொண்டுவந்து அந்த மொட்டை மூலையில் பரப்பி அழகு பார்க்கத் தொடங்கினார். அதற்கடுத்த சனி தனியே போனேன். மழை விட்டுப் புல்லு நன்றாகக் காய்ந்திருந்தது. பிறை எது என்று பார்க்கவில்லை, பயத்தில் மறந்துபோனேன். கத்தியை நடுவிலாவது வைப்போமென்று உயரம் மாற்றும் பிடியை இழுத்தால், அசையவில்லை. சின்யோரா ஏசிய அன்று யோகண்ணை பதறிப்போய்க் கத்தியை உச்சிக்கு ஏற்றி, கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சேறு இறுகிவிட்டது. உதைத்தும் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் அப்படியே தள்ள, நுனி மட்டும் பறந்தது. வெட்டிய பக்கம் எது, வெட்டாத பக்கம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. இன்றோடு வேலை போச்சு என்று நின்றேன். சின்யோரா வந்து, குனிந்து, புல்லைக் கையால் தடவினா. "நுனியை மட்டும் எடுத்திருக்கிறாய். இப்பதான் உனக்குப் புல்லு விளங்கியிருக்கு!"

விருந்து

வைகாசிக்கு மொட்டை மூலை மற்ற இடத்தைவிடப் பச்சையாக வந்து நின்றது. ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். விருந்தன்று தட்டு எடுக்கும் உதவிக்கு நின்றேன். சாப்பாடு முடியமுன்னமே பிள்ளைகள் பந்தைப் போட்டார்கள். கதிரைக் கால்கள் குத்தின இடமெல்லாம் சப்பாத்துகள் உழுதன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினேன். பேத்தி இழுத்த இழுப்பில் அப்புக்காத்தரே கோல் காக்கப் போனார். பந்துக்குப் பாய்ந்தார், குப்புற விழுந்தார். எல்லோரும் ஓடினோம். காற்சட்டை முழங்கால் பச்சை; எலும்பு முழுசு.

ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சின்யோராவும் களைத்து உள்ளே போனா. அப்புக்காத்தர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிப்போட்டு, கிழிந்து கிடந்த புல்லிலேயே இருந்தார். நான் ஏச்சுக்குக் காத்து நின்றேன். முழங்காலைத் தடவியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "டைல்ஸ் எண்டால் இண்டைக்கு நான் ஆசுபத்திரியிலை. திங்கள் கந்தோருக்கு வா, ஒப்பந்தம் எழுதுவம். அது சரி, அடுத்த வெட்டு எப்ப?"

"பாப்பம்," என்றேன், வழமைபோல மெல்ல. புல்லு தெரிந்த ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்ற நிம்மதியோடு அவர் நொண்டி நொண்டி உள்ளே போனார்.