சூரனைக் காவிய ஞாயிற்றுக்கிழமை

அம்மாவுக்கு முருகனிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருந்தது: எனக்கு ஒரு பெர்மனன்ட் வேலை. எண்பதுகளின் நடுவில் நான் லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அதற்காகத்தான் அந்த வருடம் அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தார். ஆறு நாளும் பாலும் பழமும்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஷிப்ட் என்று சொல்லிவிட்டு நான் போன இடம் ரக்பி லீக் மைதானம். பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும்; எதிரணிப் பதின்மூன்று பேரும் பிடித்து விழுத்தப் பார்ப்பார்கள். லண்டன்காரருக்கே அவ்வளவாகத் தெரியாத, வடக்கு இங்கிலாந்து விளையாட்டு. ஒரு தொழில்முறைக் கழகத்தின் இரண்டாம் அணியில் ஒன்றரை வருடமாக உருண்டுகொண்டிருந்தேன். வீட்டில் தெரிந்தால் கொலை விழும்.

சஷ்டியின் ஐந்தாம் நாள் பயிற்சியாளர் கூப்பிட்டார். முதலாம் அணியில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டதாம்.

"நாளைக்கு, ஞாயிறு மத்தியானம், நீ இறங்குகிறாய். நன்றாக ஆடினால் ஒப்பந்தம். இல்லாவிட்டால் இந்த சீசனோடு சரி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது: நாளை சூரன்போர். முருகனோடு போருக்கு வரும் சூரனின் பெரிய மரச்சிலையைத் தோளில் தூக்கிக் காவி, முன்னே பாய்ந்து, பின்னே ஓடி, சரித்துச் சரித்து ஆட்டுவோம். மாலை ஐந்து மணிக்கு அதில் முன்வலது தோள் என்னுடையது. வயிற்றிலோ வெறும் பாலும் வாழைப்பழமும். விரதமிருக்கும் அம்மாவுக்கு முன்னால் வேறெதைத் தின்பது?

மறுநாள் ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க நிலத்தில்தான் கிடந்தேன். இரண்டாம் பாதியில் பந்து கைக்கு வந்தபோது தலை சுற்றியது. எதிரே மாடு மாதிரி இருவர். கால்கள் என்னைக் கேட்கவில்லை. சூரனை ஆட்டுகிற பழக்கத்தில் மூன்றடி பின்னுக்கு ஓடின. பயிற்சியாளர் கத்திய கெட்டவார்த்தை மைதானம் முழுக்கக் கேட்டது. இந்த விளையாட்டில் பின்னுக்கு ஓடுபவன் பைத்தியக்காரன். அந்த இருவரும் அப்படித்தான் நினைத்தார்களோ என்னவோ, ஒரு கணம் நின்றுவிட்டார்கள். இடது தோளைச் சரித்து வலப்பக்கம் பாய்ந்தேன். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தேன்; அதுதான் புள்ளி. வாய்க்குள் புல், அதோடு அடக்க முடியாத சிரிப்பு. வென்றோம்!

குளிக்கவும் நிற்காமல் ஓடிய என்னைப் பயிற்சியாளர் வாசலில் மறித்தார். கோயிலுக்கு என்றேன். "ஏறு காரில்" என்றார்.

கோயிலாக்கியிருந்த வாடகை மண்டபத்தின் முற்றத்தில் சூரன் தயார். "எங்கையடா போனனீ? பின்னுக்கும் ஒராள் குறையுது!" என்று ஓர் அண்ணை கத்தினார். சேற்றுக் காற்சட்டைக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால், அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயிற்சியாளர் பின்பக்கத்தில் நிற்கிறார். ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஆள் கிடைத்ததே பெரிது. மூன்றடி பின்னுக்கு ஓடியதும் "ஓ, இதுதானா அது!" என்று சிரிக்கத் தொடங்கினார். சூரனின் தலை விழும்வரை நிறுத்தவில்லை.

பிறகு ஜாக்கெட்டிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். அம்மா பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஆரடா இது?"

"எங்கடை மேனேஜர், அம்மா."

"என்ன கடதாசி?"

"வேலை."

"பெர்மனன்டோ?"

"ரெண்டு வருசத்துக்கு."

அம்மா என் காதடியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். வெடித்த உதட்டைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டு அடிக்குத் தயாராக நின்றேன். அவர் முருகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டதைத் தந்திட்டாய். என்ன வேலையெண்டு நான்தான் சொல்லாமல் விட்டிட்டன்."

பதினொரு வருடம் ஆடினேன். அடுத்த சஷ்டியிலிருந்து அம்மா முருகனிடம் விவரமாகக் கேட்கத் தொடங்கினார்: முழங்கால், தோள்மூட்டு, பல் என்று ஒவ்வொன்றாக. அவையெல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. மூக்கை மட்டும் மறந்துவிட்டார்.