கை மறிக்கத் தெரியாத விருந்தாளி

2007ஆம் ஆண்டு, சிட்னியில் நல்ல குளிர்காலம். வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் கணவரும் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தோம். சனி, ஞாயிறில் நம் ஆட்கள் வருவார்கள். மற்ற நாட்களில் ஈ ஓட்டுவோம். அந்த மாதத்தோடு கடையை மூடிவிடுவோம் என்று கணவர் சொல்லிவிட்டார். எனக்கு மனமேயில்லை. நாலு பேருக்குச் சமைத்துப் போடாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

அப்படி ஈ ஓட்டிய ஒரு மத்தியானம், தொப்பி போட்ட ஜப்பானியர் ஒருவர் தனியாக வந்து கதிரையில் உட்கார்ந்தார். சுவரிலிருந்த படத்தைக் காட்டி இடியப்பம் கேட்டார். ஊற்றிய தேங்காய்ப்பால் சொதியில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

விருந்தாளியின் தட்டு காலியானால் நமக்கு என்ன அர்த்தம்? இன்னும் வேண்டும் என்றுதானே. ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் வைத்தேன், இது என் அன்புக்கு என்று சொல்லி. தலை குனிந்து நன்றி சொல்லி அதையும் முடித்தார். சம்பலோடு மறுபடியும் வைத்தேன். அதுவும் போனது. முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. உறைப்பு போலிருக்கிறது என்று பாயசமும் கொடுத்தேன்.

"அந்த மனிசனை விடுமப்பா, வயிறு வெடிக்கப்போகுது" என்றார் கணவர்.

"தட்டைப் பாருங்கோ, ஆளுக்கு இன்னும் பசி அடங்கேல்லை" என்றேன் நான்.

போகும்போது அவர் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். என்னையும் தட்டையும் ஒரு படம் எடுத்தார். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்று கணவர் நாள் முழுக்க என்னைக் கிண்டலடித்தார்.

அந்த வாரக் கடைசியில் கடையைத் திறந்தால், வாசலில் ஜப்பானிய இளசுகள் வரிசையாக நிற்கிறார்கள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். திரையில் என் முகம், வாயெல்லாம் பல். அன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பெரிய கால்பந்து வீரராம். விளையாட்டை விட்டபிறகு, சாப்பிட்ட இடங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறாராம். அவர் எழுதினால் ஜப்பானே வாசிக்குமாம்.

பரிமாறியதை மிச்சம் வைத்தால் சமைத்தவரின் மனம் நோகும் என்று சொல்லித்தான் அவரை வளர்த்தார்களாம். நான் வைக்க வைக்க, பாவம், மரியாதைக்காகவே சாப்பிட்டிருக்கிறார். "இப்படியொரு தோல்வியை மைதானத்தில்கூட நான் கண்டதில்லை. ஆனாலும் திரும்பப் போவேன்" என்று எழுதியிருந்ததை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போதும் என்றால் தட்டுக்கு மேல் கையை மறிக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். அதை அவள் அவருடைய இணையப் பக்கத்தில் பின்னூட்டமாக எழுதிவிட்டாள் போல. அடுத்த வாரம் நான் சட்டியோடு குசினியிலிருந்து வெளியே வந்ததும், எல்லா மேசையிலும் கைகள் தட்டை மூடிக்கொண்டன. கடையே குலுங்கிச் சிரித்தது. மூடும் பேச்சைக் கணவர் பிறகு எடுக்கவேயில்லை.

அடுத்த வருடம் அந்தக் கால்பந்து வீரரே வந்தார். ஒரு தட்டு முடிந்ததும், நான் அசைவதற்கு முன்பே இரண்டு கையாலும் மறித்தார். நான் விடுவேனா? பார்சல் கட்டிக் கொடுத்தேன்.

இன்றைக்கும் யாராவது தட்டை மறித்தால், அன்று மறிக்கத் தெரியாமல் போன அந்தக் கைகள்தான் எங்கள் கடையைக் காப்பாற்றின என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.