எண்மர் யார்?

எங்கள் தெருவில் பேப்பர் படிப்பது என் வேலை. யாரும் நியமிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் வாசிப்புப் போட்டியில் முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். அதிலிருந்து அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பெட்டிக்கடை அண்ணாச்சிக்குக் கண்ணாடி போட்டாலும் தலைப்பு மட்டும்தான் தெரியும். ஆகவே காலையில் பால் வாங்கப் போனால் நாலு செய்தியாவது உரக்கப் படித்துவிட்டுத்தான் திரும்ப முடியும். கேட்பவர்கள் தலையாட்டும்போது எனக்குக் கழுத்து தானாக நிமிரும்.

என் தம்பி நாலாம் வகுப்பு. வாசிப்பில் எனக்கு நேர் எதிர். தெரியாத வார்த்தை ஒன்று வந்துவிட்டால் போதும், அங்கேயே நின்றுவிடுவான். "யக்கா, இது என்ன?" என்பான். சொன்னால் இரண்டு வார்த்தை நகர்வான். மறுபடி "யக்கா". ஒரு பக்கம் முடிவதற்குள் என் வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கும். அவன் மண்டு என்று டீச்சரே சொன்னதாக வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு மீன் கழுவும்போது சட்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

அவனிடமிருந்து தப்பிப்பதற்காகத்தான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். தெரியாத வார்த்தையைப் பெருவிரலால் மூடு. நிற்காதே. வாக்கியம் முடியும்வரை படி. போதாவிட்டால் அடுத்த வாக்கியத்தையும் படி, மேலே இருப்பதையும் படி. மூடின இடத்தில் என்ன வைத்தால் பொருந்தும் என்று யோசி. அதற்கப்புறமும் தெரியாவிட்டால் மட்டும் என்னிடம் வா. அதற்குள் என் கணக்கு முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

முதல் நாள், 'மந்தி கிளையில் அமர்ந்தது' என்ற வரியில் மந்தி என்றால் மந்திரி என்றான். அடுத்த வரியில் அது வாலைச் சுருட்டிக்கொண்டதும் அவனே சிரித்துவிட்டான். 'கடலில் பரிதி எழுந்தது' என்று வந்தபோது, பரிதி என்றால் கப்பல் என்று அடித்துச் சொன்னான். கடலில் வேறு என்ன எழும்பும் என்று என்னிடமே சண்டைக்கு வந்தான். அதற்கடுத்து ஊரெங்கும் வெளிச்சம் பரவியது என்று இருந்தது. இரண்டு வரியையும் மறுபடி படித்துவிட்டு, "சூரியன்" என்றான். அப்படி அவன் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் தராததைத் தானே எடுத்துக்கொண்டவனின் முகம். ஒரு மாதத்தில் அவன் என்னிடம் வருவது குறைந்துபோனது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த ஐப்பசியில் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் போயிருந்தார். வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிற வழக்கமான பயணம்தான். அவர்கள் கிளம்பிய மூன்றாம் நாள் புயல் அவர்கள் போன பக்கம் திரும்பியது. எங்கள் பக்கம் காற்றும் மழையுமாகத் தள்ளிவிட்டுப் போனது. கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. தெருவில் இருந்த ஆண்கள் எல்லாம் தோணி முதலாளியின் ஆபீசுக்கும் துறைமுகத்துக்குமாக நடந்தார்கள். போனவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்ற பதிலோடு திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள்.

புயல் வந்த இரண்டாம் நாள் காலை மழை விட்டிருந்தது. பேப்பர் வந்துவிட்டது என்று அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் அனுப்பினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தம்பி பின்னால் ஓடிவந்தான். கடைக்கு முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். தண்டல் வீட்டு அத்தை நனைந்த பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்தாள். அண்ணாச்சி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை என்னிடம் நீட்டினார். தலைப்பு அவருக்குத் தெரிந்திருக்கும்.

'புயலில் சிக்கிய தூத்துக்குடி தோணி மூழ்கியது.'

கீழே தோணியின் பெயர் இருந்தது. அப்பாவின் தோணி.

நான் தலைப்பைப் படித்தேன். தோணியின் பெயரைப் படித்தேன். அத்தோடு சரி. எழுத்துகள் எல்லாம் தெரிந்த எழுத்துகள்தான், ஆனால் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "படி ளா, என்ன போட்டிருக்கு, படி" என்று அம்மா தோளை உலுக்கினாள். உலுக்க உலுக்க எனக்கு அழுகைதான் வந்தது. டிபன் பாக்ஸ் வாங்கின வாசிப்பு அவ்வளவுதான்.

தம்பி என் கையிலிருந்து பேப்பரை வாங்கினான். பெஞ்சின் மேல் விரித்து, குனிந்து, விரல் வைத்து, வகுப்பில் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துப் படித்தான்.

'தோணியில் தண்டலும் ஏழு மாலுமிகளும் இருந்தனர். அவ்வழியே சென்ற சரக்குக் கப்பல் ஒன்று எண்மரையும் மீட்டது.'

"யாரை?" என்றாள் தண்டல் வீட்டு அத்தை.

"எண்மரை."

"எண்மரா? அது யாருல? நம்ம தோணியில அப்படி ஆரும் கிடையாதே!"

யாரோ ஒருத்தி, வேற தோணி ஆளாயிருக்கும் என்றாள். இன்னொருத்தி, அப்படின்னா அந்த ஒரு ஆளை மட்டுந்தான் எடுத்திருக்காங்களா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. அத்தை தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரிசு வாங்கியவள் நான்தானே. எனக்கு அந்த வார்த்தை தெரியாது.

"இருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றான் தம்பி.

அந்தச் சத்தத்தில் அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் முறை கத்தினான். அண்ணாச்சி "ஏளா, சும்மா இருங்க, பிள்ளை படிக்கான்லா" என்று அதட்டியதும் கொஞ்சம் அடங்கியது. அவன் எண்மரைப் பெருவிரலால் மூடிக்கொண்டு அதற்கடுத்த வரிக்குப் போனான்.

'ஒருவருக்குக் கையில் லேசான காயம். மற்ற எழுவரும் நலமாக உள்ளனர்.'

படித்துவிட்டு மேலே போனான். மறுபடி கீழே வந்தான். உதடு மட்டும் அசைந்தது. இடது கையில் விரல்களை மடக்கினான், போதாமல் வலது கையையும் எடுத்தான். நாங்கள் எல்லோரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூவர்னா மூணு பேரு, நால்வர்னா நாலு பேரு. அப்ப எழுவர்னா ஏழு பேரு. கையில அடிபட்ட ஆளு ஒண்ணு, மத்தவங்க ஏழு. எட்டு. மேலயும் தண்டல் மாமா ஒண்ணு, மத்தவங்க ஏழு. அதுவும் எட்டு" என்றான். அப்புறம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். "எம்மா, எண்மர்னா ஆளு பேரு இல்ல. எட்டுப் பேரு. எட்டுப் பேரையும் எடுத்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. "எண்பதுல வர்ற எண்! எண்பதுன்னா எட்டுப் பத்து!" என்று கத்தினேன். என் பங்குக்கு அதுதான்.

அத்தை அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். அம்மா பேப்பரை மறுபடி அவன் கையில் கொடுத்து, அந்த வரியை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். ஐந்தாறு தடவை படித்திருப்பான். ஒவ்வொரு தடவையும் எண்மரில் நிற்காமல் போனான். ஆண்கள் ஆபீசிலிருந்து அதே செய்தியோடு ஓடிவந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எங்களுக்கு அது பழைய செய்தி.

செய்தி வந்த ஒன்பதாம் நாள் அப்பா வந்தார். கையில் கட்டு இருந்தது. அந்த ஒருவர் அவர்தான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் அந்தக் கதையைச் சொன்னேன். தம்பி படித்ததைச் சொல்வேன், அப்படிப் படிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வேன். அப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். மண்டு என்ற வார்த்தையை எங்கள் தெருவில் அப்புறம் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் பரிசுகளை எல்லாம்விட எனக்கு அதுதான் பெருமை.

அவனால் எப்படிப் படிக்க முடிந்தது என்று யாராவது கேட்டால், என்னிடம் அதற்கும் பதில் இருந்தது. சின்னப் பையன், மூழ்கியது என்றால் என்ன என்று அவனுக்கு என்ன தெரியும், பயம் தெரியாததால் படித்துவிட்டான் என்பேன். கேட்பவர்களும் சரிதான் என்று தலையாட்டுவார்கள்.

பேப்பர் படித்த அன்று காலை அண்ணாச்சி அவனுக்கு ஒரு தேங்காய் பன் கொடுத்தார். அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். பின்னாலேயே நான் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பன்னில் ஒரு கடிகூடக் கடித்திருக்கவில்லை. அம்மா வந்து முதுகைத் தடவி, வாயைக் கழுவிவிட்டு, நேற்றிலிருந்தே பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். நான் அந்தப் பன்னை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பழைய பன்னாக இருக்கும், அதன் வாடை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.