பத்துக் கோடியே ஒன்றும் ஒரு பதினேழாம் தேதிக்காரனும்

எங்கள் தச்சநல்லூரில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: கணித மேதை. அந்தக் குறையையும் கைலாசம் அண்ணாச்சி தீர்த்துவைத்தார். முப்பது வருடம் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் நாலு பேரைப் போல நடைப்பயிற்சிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பத்துக் கோடியே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஏழு பூஜ்யம். இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்பது அவர் கட்சி. பத்தாயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். அது ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்தானாம்! கால்குலேட்டரைத் தொட மாட்டார். "மெசின்ல போட்டா மெசினுக்குல்லா பெருமை" என்பார். நாலு வருடம், பதினோரு நோட்டு. பால் வாங்கப் போகிற என்னை மறித்து, "நாலாயிரத்து ஒண்ணுக்கும் மீதி வருதுவே!" என்பார். ஆகா என்பேன். வேறென்ன செய்ய?

இந்த மேதைக்கு எட்டு என்றால் குலை நடுங்கும். சனி பகவான் எண்ணாம். வண்டி எண், வீட்டு எண் எதைக் கண்டாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால் தொலைந்தது. கடைசியில் தொலைந்தது மகள் சுப்ரஜாவின் கல்யாணம். அவள் விரும்பிய சிவகணேஷ் சேரன்மகாதேவிப் பையன், பள்ளி ஆசிரியன், ஒரு வம்புதும்புக்கும் போகாதவன். பாவி பதினேழாம் தேதி பிறந்துவிட்டான். ஒன்றும் ஏழும் எட்டு. "அந்தப் பேச்சே எடுக்காத" என்று முடித்துவிட்டார். ஆறு மாதமாக அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் கடைசிக் கணக்கும் முடிந்தது. மீதி வந்தது. என்னைக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். பக்கத்தில் நின்ற சுப்ரஜா முதல் நோட்டைப் புரட்டினாள்.

"பதிமூணுக்கு அடுத்து பத்தொம்பது இருக்கு. பதினேழு எங்க, அப்பா?"

"அது எட்டுல்லா வருது! கூட்டினா எட்டு வாற எதையும் நான் தொடல."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் சிரிக்கவில்லை. பேனாவை நீட்டினாள். "இப்பம் போடுங்க."

போட்டார். ஐம்பத்தெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்து மூன்று. மீதி இல்லை. மறுபடி போட்டார். மூன்றாம் தடவை பையப் பைய, வாய்விட்டுச் சொல்லிப் போட்டார். பூஜ்யம்தான். இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்துவிட்டார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சுப்ரஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆயிரம் நம்பரப் போட்டுப் பாத்தியளே, அப்பா. அவர ஒரு தடவ நேர்ல பாக்க மாட்டியளா?"

அண்ணாச்சியின் மனைவி அன்னத்தாய் அடுக்களையிலிருந்து வந்து காலண்டரைப் பார்த்தாள்.

"வாற ஞாயித்துக்கெழம இருவத்தாறு. வரச் சொல்லவா?"

பழக்கதோஷம், அவர் விரல்கள் கூட்டத் தொடங்கின. இரண்டு, அப்புறம் ஆறு. பாதியில் கையை மூடிக்கொண்டார்.

"வரச் சொல்லு."