கீழ் வீட்டம்மா கொண்டுவந்த எள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம். மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்த நான், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அரையாண்டு படிப்பதற்காகப் பெங்களூரு வந்திருந்தேன். லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில், கோலார் தங்கவயலைச் சேர்ந்த வகுப்புத் தோழியோடு தங்கல். தெருவில் இறங்கினால் காய்கறிக்காரர் தமிழ், மாவு மில்லில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து கேட்கும் பாட்டும் தமிழ். “இதெல்லாம் ஒரு வெளிநாடா?” என்று வீட்டுக்கு ஃபோன் பண்ணிப் பீற்றிக்கொள்வேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு கன்னடத்து அம்மா இருந்தார். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. படியில் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

அந்த மாதம்தான் என் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரியவந்தது. பொங்கலன்று மத்தியானம் ஆபரேஷன். நான் உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். “பரீட்சைய விட்டுட்டு வந்தேன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பொங்கலுக்கு முதல் நாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. கை சும்மா இருந்தால்தானே மனம் கண்டபடி அலைகிறது என்று, இருந்த துணியையெல்லாம் ஊறவைத்துத் துவைத்தேன். இரண்டு ஜீன்ஸைச் சரியாகப் பிழியாமல் பால்கனிக் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கூச்சல். எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி விரித்து, பொடிப் பொடியாக நறுக்கிய எதையோ அந்த அம்மா காயவைத்திருந்தார். என் ஜீன்ஸ் தண்ணீர் சொட்டி அதில் பாதி நனைந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் கன்னடத்தில் கத்தினார், நான் தமிழில் கத்தினேன். ஆளுக்கொரு மொழியாக இருந்தும் திட்டியது ஒன்றும் வீண்போகவில்லை, இரண்டு பேருக்கும் நன்றாகவே உறைத்தது.

மறுநாள் பொங்கல். நான்கு மணிக்கு ஃபோன் பண்ணுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் அதே அம்மா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் தட்டு. “தகோம்மா” என்று ஒரு கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். உள்ளே பார்த்தேன். எள்!

எங்கள் வீட்டில் எள்ளுருண்டை தின்போம். ஆனால் வெறும் எள்ளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்க அம்மா விடவே மாட்டார். அது செத்தவர்களுக்குத் தண்ணீரோடு இறைக்கிற பொருள். அப்பாவின் காரியத்தில் அண்ணன் கையில் அதைப் பார்த்தவள் நான். கிண்ணத்தில் இருந்தது வெள்ளை எள், அதோடு வேறு என்னென்னவோ கலந்திருந்தது. அதெல்லாம் அப்போது கண்ணில் படவே இல்லை. நேற்றுச் சண்டைக்குப் பழிவாங்கச் சாபம் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

“எங்கம்மா அங்க ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க, நீங்க எள்ளக் கொண்டாந்து நீட்டுறீங்களா? நீங்கள்லாம் ஒரு மனுஷியா?” என்று கத்திவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

குளித்துக்கொண்டிருந்த தோழி சத்தம் கேட்டு ஈரத் தலையோடு ஓடிவந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

“அய்யோ, என்னாடி பண்ணி வெச்சிருக்க! அது எள்ளு பெல்லா. எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து சங்கராந்திக்கு வூடு வூடா குடுப்பாங்க. இத தின்னுட்டு இனிமே நல்லதா பேசிக்கலாம்னு அர்த்தம். சண்ட போட்டவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும். நேத்து நீ நனைச்சியே, அதுகூட இதுக்கு வெட்டுன கொப்பரைதான். நாலு நாளா வேலைக்குப் போய்ட்டு வந்து வந்து வெட்டினாங்க.”

அப்படியே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. கீழே போய் மன்னிப்புக் கேட்கவும் கால் எழவில்லை. அம்மாவைப் பற்றிய பயம் ஒரு பக்கம், இந்த வெட்கம் ஒரு பக்கம்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோன் வந்தது. ஆபரேஷன் தாமதமாக ஆரம்பித்ததாம். நல்லபடியாக முடிந்தது, அம்மா கண் திறந்து என் பரீட்சையைப் பற்றித்தான் முதலில் கேட்டார் என்றான் அண்ணன். நான் ஃபோனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து ஓடினேன்.

ஓட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாசலுக்கு நேரே, மேல் படியில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரமாக. என்னைப் பார்த்ததும் எழுந்து, “அம்மா சென்னாகிதாரா?” என்று கேட்டார். அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்கிறார். அதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலையை ஆட்டினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஏன் போகாமல் இருந்தீர்கள் என்று தோழியை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்: “அம்மா, ஆஸ்பத்திரி, எள்ளுன்னு கத்துனது எனக்குப் புரிஞ்சுது. நான் தட்ட எடுத்துக்கினு திரும்பிப் போய்ட்டா, இந்தப் பொண்ணு மனசுல அது கெட்ட சகுனமாவே நின்னுடும். நல்ல சேதி வரட்டும், அப்புறம் குடுத்துட்டுப் போலாம்னு ஒக்காந்தேன்.”

படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். எள்ளும் வெல்லமும் கை நிறைய விழுந்தன. கொப்பரைத் துண்டுகள் மட்டும் குறைவாக இருந்தன. மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம். அதன் பிறகுதான் அவர் மற்ற வீடுகளுக்குக் கிளம்பினார்.

என் கோபம் ஒன்றும் அன்றோடு போய்விடவில்லை, அம்மாவைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார். ஆனால் இன்றும் யாராவது என்னிடம் காரணமில்லாமல் எரிந்து விழும்போது, பதிலுக்கு வாய் திறக்கும் முன், இவர் எந்தச் சேதிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாரோ என்று ஒரு நிமிடம் நிற்கிறேன்.