ஆமைக்கு வைத்த கதவு

திண்டுக்கல்லில் கிரில் பட்டறை வைத்திருக்கிற எனக்குக் கடல் என்றால் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், அவ்வளவுதான். மருமகன் இறால் பிடிக்கிற விசைப்படகில் டிரைவர். போன மாசியில் வலையை இழுத்தபோது அதில் ஒரு கடலாமை செத்துக் கிடந்ததாம். மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று மகள் போனில் அழுதாள்.

வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால் இறால் இடுக்கு வழியாகப் பின்னால் போய்விடும், ஆமை முட்டி வெளியேறிவிடும் என்றார் மருமகன். படகு முதலாளி ஒரு நடைக்கு மட்டும் சம்மதித்தார். இறால் ரொம்பக் குறைந்தால் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிடுவாராம். சட்டம் செய்கிற வேலை எனக்கு வந்தது.

ஆமை போக வழி வேண்டும் என்று சொல்லியிருந்ததால், சட்டத்தின் நடுவில் சின்னக் கதவு வைத்து, கீல் போட்டு, கொண்டியும் மாட்டினேன். வாங்க வந்த மருமகன் கொண்டியை ஆட்டிப் பார்த்தார்.

"சாவிய ஆமைகிட்ட குடுத்துரணுமா மாமா?"

"ஒங்க மாமா கோழிக்கூட்டுக்கே ரெண்டு கொண்டி போட்டவரு மாப்ள" என்றாள் காப்பியோடு வந்த என் மனைவி.

"வழிய நாங்க வலையில வெட்டிக்கிடுறோம் மாமா. நீங்க கம்பி மட்டும் போடுங்க."

கதவை அறுத்தெடுத்துவிட்டுக் கம்பிகளைப் பற்றவைத்தேன். பட்டறையை விட்டு எது போனாலும் அதன்மேல் சிலுவை வரைந்து, உள்ளே இருப்பது வெளியே போகாமல் காத்தருளும் என்று செபிப்பது என் வழக்கம். அன்று கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன். இறால் இருக்க வேண்டும், ஆமை போக வேண்டும். இரண்டுமே ஆண்டவர் படைத்ததுதானே. ஒன்றைப் பிடித்துக் கொடும், ஒன்றை விட்டுவிடும் என்று எந்த வாயால் கேட்பது? 'உமக்கே தெரியும் சுவாமி' என்று மட்டும் சொன்னேன்.

படகு கரை சேர்ந்ததும் மருமகன் போனில் கூப்பிட்டார். இறால் கொஞ்சம் குறைவு. வலையில் ஆமை இல்லை.

"அப்ப தப்பிச்சுப் போயிருச்சா மாப்ள?"

"தெரியல மாமா. வந்துட்டுப் போச்சோ, வரவே இல்லையோ, தண்ணிக்குள்ள யாரு பாத்தா?"

"மொதலாளி என்ன சொல்றாரு?"

"அவருக்கும் ஒண்ணும் வெளங்கல. அடுத்த நடைக்கும் கெடக்கட்டும்னுட்டாரு."

போனை வைத்ததும் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

"அது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"