கேப்பை செக் பண்ணியாச்சு

பத்து மணிக்குள் வளவனூரிலிருந்து கல்யாணப் பெண்ணை விழுப்புரம் சர்ச்சுக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜினைப் பிரித்து மறுபடி கோர்த்த பிறகு என் காருக்கு இதுதான் முதல் சவாரி.

எட்டரைக்குச் சாவியைத் திருப்பினால் "ணங்". மறுபடி திருப்பினேன். அதே "ணங்".

நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, திண்டிவனம் மெக்கானிக்குக்குப் போன் போடச் சொன்னேன் மனைவியிடம்.

அவர் சொன்னாராம்: "செல்ஃப் மோட்டார் பல்லு, இன்ஜின் ஃபிளைவீல் சக்கரத்துப் பல்லுல முட்டிக்கினு நிக்குதுக்கா. அண்ணனை மொதல்ல கேப்பை செக் பண்ணச் சொல்லுங்க."

உள்ளே ஓடியவள் கேழ்வரகு டின்னோடு வந்தாள். எங்கள் பக்கம் கேழ்வரகுதான் கேப்பை.

"நானே செக் பண்ணிட்டேங்க. ஒரு வண்டு இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவரு சொன்னது ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கிற கேப்புடி!"

இடைவெளியைக் கூட்ட, மோட்டாருக்கு அடியில் மெல்லிய தகடு வைக்க வேண்டும். ஒரு கடையும் திறக்கவில்லை. அந்த டின் மூடியையே வெட்டி வைத்து முடுக்கினேன். வண்டி எடுத்துக்கொண்டது.

பெண் சர்ச்சுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நான் வாசலில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பெண்ணின் மாமா ரெண்டு தடவை வந்துவிட்டார். "வண்டிய நிறுத்துப்பா, ஃபாதர் பேசுறது ஒண்ணும் கேக்கல, ஒரே பேஜாரு!"

அணைக்கட்டுமா? வந்து தள்ளத் தயாராக இருக்கிற விழுப்புரத்துக்காரர்கள் மட்டும் பதில் சொல்லவும்.